பதினாறு ரூபாய் மிச்சம்: சிறு பொருட்களைத் தபாலில் அனுப்ப ஓர் அனுபவப் பாடம்

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வந்தபோது, "ரோபோ பற்றி எழுது, செயற்கை நுண்ணறிவு பற்றி எழுது" என்றார்கள். அதையெல்லாம் எழுத நம் துறையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். கவர் ஒட்டுவது! சிரிக்காதீர்கள். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அக்கா பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்கிறாள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கிறாள். விற்றதை எடை போட்டு, கட்டி, விலாசம் எழுதி, தபால் ஆபீசில் சேர்ப்பது என் வேலை. என் செமஸ்டர் பீஸில் பாதி அந்த வளையலில்தான் வருகிறது.

நம் கல்லூரியிலும் இன்று பலர் ஏதாவது ஒன்றை விற்கிறார்கள். எல்.இ.டி. விளக்கு, ரெசின் கீ-செயின், சர்க்யூட் கிட், கையால் தைத்த பை என்று நீளுகிறது பட்டியல். விற்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. விற்றதை ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அடிபடாமல் கற்றுக்கொள்ளலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் தோல்வி

2024 நவம்பர் மாதம். திருப்பூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகளுக்கு வளைகாப்பு, பச்சையும் அரக்கும் கலந்து நான்கு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி வேண்டும், பத்து நாள் இருக்கிறது என்றார். விலை 480 ரூபாய். பணமும் உடனே அனுப்பிவிட்டார். அக்கா மூன்று ராத்திரி உட்கார்ந்து நூல் சுற்றி முடித்தாள்.

நான் எடை போட்டேன். கவரோடு 90 கிராம். எங்கள் ஊர் சேலத்துக்குப் பக்கம். திருப்பூருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்ப அன்றைய கட்டணம் 35 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 41 ரூபாய் 30 பைசா. சாதாரணத் தபால் என்றால் 20 கிராமுக்கு 5 ரூபாய் வீதம் 25 ரூபாய் ஸ்டாம்பு போதும். 16 ரூபாய் 30 பைசா மிச்சம்! இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உண்டா? ஸ்டாம்பை ஒட்டினேன், "அனுப்பியாச்சும்மா" என்று சொல்லக் கவரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன், தபால் பெட்டி வாயில் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

அஞ்சு நாள் ஆச்சு. எட்டு நாள் ஆச்சு. அந்த அம்மா தினமும் கேட்டார், "தம்பி, எங்க வந்துட்டு இருக்கு?" என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியாது. "வந்துரும்மா" என்றேன். வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். "பரவால்ல தம்பி, வீட்டுல இருந்ததைப் போட்டு நடத்திட்டோம்." திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று ராத்திரி அக்கா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள். திருப்பூர் பின்கோடு 641601. நான் எழுதியிருந்தது 614601. அது பட்டுக்கோட்டை! அனுப்புநர் விலாசத்தைப் பின்பக்கம் எழுதலாம் என்று நினைத்து, அதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆக, கவர் போய்ச் சேரவும் வழியில்லை, திரும்பி வரவும் வழியில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அக்கா 480 ரூபாயைத் திருப்பி அனுப்பினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்னால், "ஒட்டுமுன் ஒரு தடவை படி" என்று எழுதி என் மேசைக்கு மேலே மாட்டிவிட்டாள்.

அப்பா மட்டும் சொன்னார்: "ஒரு சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்காவது வாங்கியிருக்கலாமேடா." அந்தக் காலத்தில் சாதாரணத் தபால் போட்டதற்குச் சாட்சியாக ஒரு சீட்டில் முத்திரை குத்தித் தருவார்களாம். அந்த வசதி 2011-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதாவது, பெட்டியில் போட்ட கவருக்கு நம் கையில் ஒரு சாட்சியும் இல்லை.

கணக்கு சரி, முடிவு தப்பு

மெக்கானிக்கல் படிக்கும் என் நண்பன் ஒருவன் வேறு மாதிரிப் பேசினான். "மாப்ள, கணக்குப் போட்டுப் பாரு. 100 கவருக்கு 16 ரூபா 30 பைசா மிச்சம்னா 1,630 ரூபா. 480 ரூபா கவர் மூணு தொலைஞ்சாலும் 1,440 தான். சாதாரணத் தபாலே லாபம்டா!"

கணக்கில் தப்பில்லை. அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன், எங்கே உதைக்கிறது என்று. பிறகுதான் புரிந்தது. அவன் வளையலின் விலையை மட்டும் கணக்கில் வைத்தான். வளைகாப்புத் தேதியை வைக்கவில்லை. எட்டு நாள் அந்த அம்மா கேட்ட கேள்வியை வைக்கவில்லை. அக்கா சொன்ன வார்த்தை பொய்யாகப் போனதை வைக்கவில்லை. டிராக்கிங் நம்பர் என்பது பொருளைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றாது. ஆனால் "எங்கே?" என்று கேட்டால் பதில் தரும். மூன்றாம் நாளே அந்தக் கவர் பட்டுக்கோட்டைப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்திருந்தால், இன்னொரு செட் செய்து அனுப்ப இன்னும் நாள் இருந்தது!

ஆகவே நண்பர்களே, எது மலிவு என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். கீழ்க்கண்ட மூன்றைக் கேளுங்கள்.

1. இது தொலைந்தால் நான் தாங்குவேனா?
2. எந்தத் தேதிக்குப் பிறகு போனால் இது வீண்?
3. யார் கையில் போய்ச் சேர வேண்டும்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த முறை என்பது தானே தெரியும்.

எதை எதில் அனுப்புவது?

சாதாரணத் தபால்: ரசீது இல்லை, டிராக்கிங் இல்லை. இலவசமாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ள முடிந்த காகிதங்களை மட்டும் இதில் அனுப்புங்கள். நாங்கள் கலர் கார்டு, நன்றிக் கடிதம், பண்டிகை வாழ்த்து இவற்றை மட்டும் அனுப்புகிறோம். காசு வாங்கிய பொருள் எதையும் அனுப்புவதில்லை.

ஸ்பீடு போஸ்ட்: 1986 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய சேவை. நம் மாதிரி ஆட்களுக்கு இதுதான் பெரும்பாலும் பொருத்தம். 2025 அக்டோபர் 1 முதல் கட்டணம் மாறியிருக்கிறது. (ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.)

50 கிராம் வரை: உள்ளூர் 19 ரூபாய், வெளியூர் எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய்.
51 முதல் 250 கிராம் வரை: உள்ளூர் 24, 200 கி.மீ. வரை 59, 500 வரை 63, 1,000 வரை 68, 2,000 வரை 72, அதற்கு மேல் 77.
251 முதல் 500 கிராம் வரை: உள்ளூர் 28, 200 கி.மீ. வரை 70, 500 வரை 75, 1,000 வரை 82, 2,000 வரை 86, அதற்கு மேல் 93.

இது 'டாக்குமெண்ட்' பிரிவுக் கட்டணம். பெட்டி கட்டி அனுப்பினால் பார்சல் பிரிவு. அதற்கு வேறு அட்டவணை. உங்கள் பொருள் எந்தப் பிரிவில் சேரும் என்று முதல் தடவையே கவுண்டரில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் மாறக்கூடியது. மலர் உங்கள் கைக்கு வரும்போது ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்த அட்டவணையில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, தூரத்தைவிட எடைதான் கவனிக்க வேண்டியது. 250 கிராமுக்குள் பக்கத்து மாவட்டத்துக்கும் 2,000 கி.மீ.க்கு அப்பால் உள்ள ஊருக்கும் வித்தியாசம் 18 ரூபாய்தான். இரண்டு, 50 கிராம் என்பது ஒரு கோடு. எங்கள் ஜிமிக்கி ஒரு ஜோடி அட்டைப் பெட்டியில் வைத்தால் 53 கிராம். பெட்டியை விட்டு, இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்தால் 46 கிராம். 59 ரூபாய் 47 ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்துக் கவருக்கு 14 ரூபாய் 16 பைசா மிச்சம். மிச்சம் பிடிப்பதானால் இப்படிப் பிடிக்க வேண்டும்! சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்தால் அதன் விலை சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

பதிவுத் தபாலும் ஓ.டி.பி.யும்: பழைய ரெஜிஸ்டர் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்டுக்கு மேல் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால் 'ரெஜிஸ்ட்ரேஷன்' கிடைக்கும். பெறுநரிடமோ, அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தருவார்கள். அதே 5 ரூபாய்க்கு ஓ.டி.பி. டெலிவரியும் உண்டு. வாங்குபவர் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் பொருள் கைமாறும். "எனக்கு வரவே இல்லை" என்ற தகராறுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. விலை கூடிய பொருள் என்றால் இன்ஷூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். தொலைந்தால் கிடைக்கும் சாதாரண இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. பொருளின் முழு விலையும் தானாக வந்துவிடாது.

மாணவர்களுக்கு ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள். விண்ணப்பம், சான்றிதழ் அனுப்பும்போது அடையாள அட்டையைக் காட்டி, எப்படிப் பெறுவது என்று கேளுங்கள். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது!

தனியார் கூரியர்: நகரத்துக்கு நகரம் என்றால் வசதிதான். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டு கேள்வி கேட்காமல் கொடுக்காதீர்கள். முதல் கேள்வி, "எடைக்கா, அளவுக்கா?" நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதுவும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஒரு தடவை 180 கிராம் வளையலை 20 × 15 × 10 பெட்டியில் கொண்டுபோனேன். 3,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 0.6 கிலோ! காற்றுக்குக் காசு கட்டினேன். அடுத்த தடவை 12 × 10 × 5 பெட்டி. கன அளவு எடை 120 கிராம்தான். உண்மை எடைக்குத்தான் காசு கொடுத்தேன். இரண்டாவது கேள்வி, "கிராமத்துக்கு வீடு வரை போவீங்களா?" சில இடங்களில் டவுன் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். நம் நாட்டில் 1,60,000-க்கும் மேற்பட்ட தபால் ஆபீஸ்கள். அதில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில் இருக்கின்றன. குக்கிராமத்து விலாசம் என்றால் நான் தபாலைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

பேட்டரி உள்ள பொருள்: நம் துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொலைதூர ஸ்பீடு போஸ்ட் விமானத்தில் போகக்கூடியது. 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயான் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை போட்டிருக்கிறது. பவர் பேங்கை "பொம்மை" என்று எழுதி அனுப்பும் புத்திசாலித்தனம் வேண்டாம். அது அடுத்தவர் உயிர். விளக்கை மட்டும் அனுப்பி, செல்லை உள்ளூரில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்.

ஆறு எண்ணும் பதின்மூன்று எழுத்தும்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் எண் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். முதல் மூன்று எண்கள் கவர் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். ஆகவே கடைசி எண் ஒன்று தப்பினால் பெரும்பாலும் பக்கத்து ஆபீசுக்குப் போகும். முதல் மூன்றில் தப்பினால் வேறு ஜில்லாவுக்கே போய்விடும். என்னுடையது இரண்டாவது வகை. இப்போதெல்லாம் பின்கோடை வாடிக்கையாளரையே டைப் செய்து அனுப்பச் சொல்லி, ஊர்ப் பெயரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்பீடு போஸ்ட் நம்பரில் 13 இடங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்து. இந்த 9 எண்ணில் கடைசி எண் சும்மா இல்லை. அது சரிபார்ப்பு எண்! முதல் எட்டு எண்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் ஒன்பதாவது எண் வரும். (கழித்தது 10 என்றால் 0, 11 என்றால் 5.) உதாரணத்துக்கு 12345678 என்று வைத்துக்கொள்வோம். 8 + 12 + 12 + 8 + 15 + 30 + 63 + 56 = 204. 11-ஆல் வகுக்க மீதி 6. 11 கழித்தல் 6, விடை 5. ஆக முழு எண் 123456785. ரசீதைப் பார்த்து நாம் ஓர் எண்ணைத் தப்பாக டைப் செய்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு உதைக்கும். இரண்டாம் ஆண்டு ஜூனியர்கள் இதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்க்கலாம். ரொம்ப சுலபம்.

கட்டும் முறை

அ) வளையலுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி நுழைத்துவிட்டால் அழுத்தினாலும் நசுங்காது. கட்டியபின் இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழுகிற மாதிரி போட்டுப் பாருங்கள். நம் வீட்டில் உடைந்தால் நஷ்டம் பாதிதான்.
ஆ) உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இது முக்கியம்.
இ) விலாசம் வெளியே ஒன்று, உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் ஒன்று. இரண்டிலும் போன் நம்பர்.
ஈ) அனுப்புநர் விலாசம். இதை எழுதாதவன் கதையை மேலே படித்தீர்கள்.

காசு விஷயம்

தபால் செலவைக் கடைசியில் சொல்லாதீர்கள். "480 ரூபாய்" என்று சொல்லிவிட்டு அப்புறம் "அதோட 75" என்றால் வாங்குகிறவர் முகம் சுருங்கும். நாங்கள் இப்போது தபால் செலவையும் சேர்த்தே விலை சொல்கிறோம். "பொருள் வந்ததும் காசு" என்ற முறை புதிதல்ல. நம் தாத்தா காலத்தில் புத்தகமும் மருந்தும் வி.பி.பி.யில் அப்படித்தான் வந்தன. ஆனால் வாங்க மறுத்துத் திருப்பிவிட்டால் போன செலவும் வந்த செலவும் நம் தலையில். ஆர்டருக்கென்றே செய்யும் பொருளுக்கு அது ஒத்துவராது. முன்பணம் வாங்கினால், வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லும் வழியும் நம் கையில் இருக்க வேண்டும். அந்த வழியின் பெயர்தான் ரசீது.

முடிவாக ஒன்று

2025 டிசம்பரில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. திருப்பூர் அம்மா! "பேத்திக்குக் காது குத்தறோம் கண்ணு. அன்னிக்கு விட்டுப்போச்சே, அதே பச்சை அரக்குலயே என் பொண்ணுக்கும் குழந்தைக்கும் போட்டுக் குடு." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலண்டர் அட்டையைப் பார்த்தேன்.

110 கிராம். ஸ்பீடு போஸ்ட் 59, ஓ.டி.பி. 5, ஜி.எஸ்.டி. சேர்த்து 75 ரூபாய் 52 பைசா. 641601 என்பதை நான் ஒரு தடவை, அக்கா ஒரு தடவை, அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தோம். டிராக்கிங் நம்பரை அன்றே அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவே போட்டோ அனுப்பினார். குட்டிக் கையில் எங்கள் வளையல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. "வளருவாள்ல, சரியாயிடும்" என்றாள் அக்கா.

நண்பர்களே! நாளை நீங்கள் பெரிய கம்பெனியே நடத்தலாம். அன்றைக்கும் உங்கள் வாடிக்கையாளர் கேட்கப்போவது இதே கேள்விதான்: "எங்க வந்துட்டு இருக்கு?" அதற்குப் பதில் சொல்ல முடிகிற வழியில் அனுப்புங்கள். மிச்சம் பிடிப்பதை எடையில் பிடியுங்கள், பெட்டி அளவில் பிடியுங்கள். சாட்சியில் மட்டும் பிடிக்காதீர்கள்.

ஒட்டுமுன் ஒரு தடவை படியுங்கள்.